கதவைத் திறந்தால் சூடு இறங்கும்

ஆகஸ்ட் 6, புதன்

விடாத மழை. வண்டன்மேடு. ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் வெப்பமானி மறுபடி கோளாறு. கருவிகள் என் பொறுப்பு; சென்சார் மாற்றியாயிற்று. வேலையாட்கள் காய் காய்ந்ததா என்று கதவைத் திறந்து திறந்து பார்க்கிறார்கள். சூடு எப்படி நிற்கும்?

"தொறந்தா சூடு எறங்கும்னு எத்தன தடவ சொல்றது?" கத்தினேன்.

"நீங்க கத்துற கத்துலயே காய் காஞ்சிரும் தம்பி" என்றார் ஸ்டோர் அக்கா. எல்லோரும் சிரிப்பு. எனக்கு வரவில்லை.

மாலை குமுளியிலிருந்து அண்ணி போன். அண்ணன் மாத்திரையை நிறுத்திவிட்டானாம். தூக்கமும் இல்லை. போன வருடம் இப்படித்தான் ஆரம்பம். எவனோ பின்னாலேயே வருகிறான் என்று மலைப்பாதையில் ஜீப்பை அப்படியே விட்டுவிட்டு இறங்கி நடந்தவன். தேனி டாக்டர் மாத்திரை கொடுத்த பிறகுதான் மனிதனானான். அதே ஜீப்பில்தான் இன்றும் சுற்றுலாக்காரர்களை ஏற்றுகிறான். சனிக்கிழமை ஒரு குடும்பம், சின்னப் பிள்ளைகளோடு.

"நீங்க வந்து பேசுங்க தம்பி. நா வாயத் தொறந்தா, ஒனக்கு குவாண்டம் தெரியுமாங்கிறாரு."

குவாண்டமா?

ஆகஸ்ட் 7, வியாழன்

குமுளி. பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். குடை தொலைந்தது.

விஷயம் இதுதான். அண்ணன் ஆள் கொண்டுவிடும் ரிசார்ட்டில் ஒரு முகாம். 'ஆழ்மனமும் குவாண்டமும்'. டிரைவர்களும் பின்னால் உட்கார்ந்து கேட்கலாமாம். கேட்டிருக்கிறான்.

கண் சிவப்பு. பேச்சு வேகம்.

"பாக்குறவன் இல்லாம எலக்ட்ரானே இல்லடா. எல்லாம் மனசு. என் கனவுல வர்றவன் நாந்தான், எனக்கே தெரியாத நான். மாத்திர போட்டா அவன் வர மாட்டேங்குறான்."

"பாக்குறதுன்னா கண்ணு இல்லண்ணே. கருவி. டிடெக்டர் தொட்டாலே போதும். பக்கத்துல மனுசனே வேணாம்."

"அப்ப அம்மாம் பெரிய இயற்பியல்காரர் எதுக்கு தன் கனவ மனமருத்துவர்ட்ட சொன்னாரு? வருசக்கணக்கா ரெண்டு பேரும் லெட்டர் போட்டாகளாமே?"

அது உண்மை. நானும் படித்திருக்கிறேன்.

"கனவத்தான் கொண்டு போனாரு. கணக்க இல்ல. கணக்க அவரே போட்டுக்கிட்டாரு."

துண்டை உதறிக்கொண்டு எழுந்து போனான். ஜெயித்தேன். அண்ணி வைத்த டீ ஆறிப்போனது.

மாத்திரை போட்டாயா என்று வந்ததும் கேட்டேன், மதியம் கேட்டேன், ராத்திரி கேட்டேன். "போட்டேன், போட்டேன்." அண்ணி துளசித்தொட்டியைக் காட்டினார். மண்ணில் வெள்ளையாக மாத்திரை, பாதி கரைந்து.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மழை விட்டது. மூடுபனி. சண்டை போடுவதற்கென்றே ரிசார்ட்டுக்குப் போனேன். முகாம் நடத்துகிறவர் ஒரு மலையாளி அம்மா, உளவியல் படித்தவர்.

"மருந்து நிறுத்தான் ஞான் பறஞ்சிட்டில்ல மோனே!" பதறிவிட்டார். மருந்தை நிறுத்தச் சொல்லவே இல்லையாம்; கனவை மறைப்பதை எல்லாம் விலக்குங்கள் என்றுதான் சொன்னாராம். மது, மொபைல், அந்த அர்த்தத்தில்.

அலையும் துகளும் மாதிரி வெளிமனமும் ஆழ்மனமும். ஒன்றைப் பார்த்தால் மற்றது மறையும். அவர் பேச்சின் சாரம் இது. மோசமில்லை. ஆனால் அந்த 'மாதிரி'யைக் கேட்பவர்கள் விழுங்கிவிடுகிறார்களே? ஒப்புமையை வைத்துக்கொண்டு மருந்துச்சீட்டு எழுத முடியாது. சொன்னேன். தலையசைத்தார். அண்ணனுக்கு போன் போட்டார். எடுக்கவில்லை.

சாயங்காலம் ஜீப் சாவியை எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன். பார்த்துவிட்டான்.

"சாவியக் குடுறா."

"மாத்திர போடு, தர்றேன்."

"ஸ்டோர்ல கதவத் தொறக்காதன்னு ஊரக் கூட்டுவ. என்னய மட்டும் நிமிசத்துக்கு ஒருக்கா தொறந்து தொறந்து பாக்குற. சூடு எறங்காதா?"

இது குவாண்டம் இல்லை. சாதாரண வெப்பம். ஸ்டோரில் நானே தினமும் கத்துகிற பாடம்.

ஆகஸ்ட் 9, சனி

விடியற்காலையிலேயே ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்தான். சாவி என்னிடம். அந்தக் குடும்பம் கிளம்பி வருவதாக போன். அண்ணி வாசலில், வாயில் முந்தானை.

கையை நீட்டினான். மாத்திரை என்று வாய்வரை வந்தது. விழுங்கினேன்.

"அந்தக் கனவுல என்னண்ணே வருது?"

இந்தக் கேள்வியை ஒருதரம்கூடக் கேட்டதில்லை. பானெட்டில் சாய்ந்தான்.

"ஜீப் ஓட்டுறேன். பின் சீட்ல ஒருத்தன். மூஞ்சி தெரியாது. எறங்கு, நா ஓட்டுறேங்கிறான். நாளாக நாளாக முன்னாடி வர்றான்."

"சரி."

"நேத்து பக்கத்து சீட்டு. அவன் கை ஸ்டீரிங்ல இருந்துச்சுடா."

ஈரத்துணியைக் கையிலேயே பிழிந்துகொண்டு நின்றான்.

பிறகு அவனே: "பிள்ளைக வேற வருதுக. இன்னிக்கு நா ஓட்டல."

அண்ணி வேறு டிரைவருக்கு போன் போட ஓடினார்.

தேனி டாக்டரிடம் போக கம்பம் பஸ், நானும் அண்ணனும். மலை இறங்கும்போது கண்ணை மூடிக்கொண்டே கேட்டான்.

"இத டாக்டர்ட்ட சொல்லணுமா?"

"சொல்லு. மாத்திரய நிறுத்துனதயும்."

"நீயும் உள்ள வருவியா?"

"வரட்டுமா?"

"வேணாம்."

தேனி. ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஸ்டோரிலிருந்து போன், எடுக்கவில்லை. டாக்டர் அறைக்கதவு சாத்தியிருக்கிறது. உள்ளே கேட்பது அவன் குரல்தான் போலிருக்கிறது. எழுந்து போய்ப் பார்க்கவில்லை.