செல்வி, உன் மகள் பனிக்குள்ளிருந்து பதில் சொன்னாள்

அடி என் செல்வி,

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், பதறாதே. காவ்யா பத்திரமாக இருக்கிறாள். கை, கால், மூக்கு எல்லாம் இருந்த இடத்தில் இருக்கின்றன. இப்போது சிங்கப்பூர் திரும்பி, ஃபேரர் பார்க் தோசைக் கடையில் என் எதிரே உட்கார்ந்து இரண்டாவது தோசையை முடித்துக்கொண்டிருக்கிறாள். உனக்குத்தான் எழுதுகிறேன் என்று அவளுக்குத் தெரியும். எட்டிப் பார்க்கக்கூடாது என்று மிரட்டி வைத்திருக்கிறேன்.

பனியைப் பார்க்கணும், பனியில் சறுக்கணும் என்று பள்ளிக்கூட நாளிலிருந்து என்னையும் ஜூலியையும் அரித்தெடுத்தவள் நீ. கடைசியில் உன் மகள்தான் டிக்கெட் போட்டாள். "அம்மாவுக்குத்தான் கொடுத்து வைக்கல, நீங்க ரெண்டு பேராவது வாங்க," என்றாள். ஐம்பத்தைந்து வயதில் ஜப்பானின் ஹொக்கைடோவில் பனிச்சறுக்கு! முதல் நாள் ஜூலி நின்ற இடத்தில் நின்றபடியே விழுந்தாள். அவளைத்தான் உனக்குத் தெரியுமே.

மூன்றாம் நாள் காலையில் பனி கொட்டியது. வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். "ரூம்ல உக்காந்து கப் நூடுல்ஸ் சாப்பிடவா வந்தோம்? ஒரே ஒரு ரவுண்டு லா, பெரியம்மா," என்றாள் காவ்யா. நானும் தலையாட்டிவிட்டேன். மேலே போகும்போது வழி தெரிந்தது. இறங்க ஆரம்பித்த ஐந்தாவது நிமிடம் வானமும் தரையும் ஒரே வெள்ளை. நகர்கிறேனா, நிற்கிறேனா என்றே புரியவில்லை. முன்னால் அவளுடைய சிவப்பு ஜாக்கெட் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. அதை விட்டுவிடாதே என்று ஜூலியிடம் கத்தினேன்.

நாங்கள் விடவே இல்லை, செல்வி. அதுதான் கூத்து. ஒரு வளைவில் அந்த ஜாக்கெட் நின்றது, திரும்பியது, கண்ணாடியைக் கழற்றியது. வெள்ளை மீசை வைத்த ஒரு ஜப்பானியர்! வாடகைக் கடையில் ஊருக்கே அந்தச் சிவப்பைத்தான் கொடுத்திருக்கிறார்கள். எந்த இடத்தில் பிள்ளையை விட்டேன்?

என் கைபேசி குளிரில் அணைந்துவிட்டது, ஜூலியுடையது அறையில். சைகை காட்டியதில் அந்த மனிதர் புரிந்துகொண்டு ஆள் அழைத்து வரக் கீழே போனார். நாங்கள் சறுக்குப் பலகைகளைக் கழற்றி வைத்துவிட்டு, பாதையோரக் கம்பங்களைப் பிடித்துப் பிடித்து மேலே ஏறினோம். "காவ்யா! காவ்யா!" அவள் பெயர் காற்றோடு போயிற்று. ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளைய பாத்துக்க, பானு," என்றாயே. உனக்கு என்ன பதில் சொல்வேன் என்று வாய்விட்டு அழுதேன்.

அப்போதுதான் தைப்பூசம் ஞாபகம் வந்தது. சிராங்கூன் ரோட்டுப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை நீ தலையில் பால்குடத்தோடு நடப்பாய். திரும்பிப் பார்க்க முடியாது. இடுப்பு உயரப் பிள்ளை அந்தக் கூட்டத்தில் பின்னால் வருகிறாளா என்று எப்படித் தெரிந்துகொள்வது? "வேல் வேல்!" என்று நீ குரல் கொடுப்பாய். "வெற்றி வேல்!" என்று அவள் கத்துவாள். சத்தம் வரவில்லையென்றால் நின்றுவிடுவாய். பெரியவளான பிறகும் இருவரும் அதை விடவில்லை. நீ போய் மூன்று தைப்பூசம் ஆகிவிட்டது, அவள் அந்தப் பக்கமே வருவதில்லை. கூப்பிட்டால், "நான் யாருக்குப் பின்னால நடக்கிறது?" என்று கேட்பாள்.

கேட்குமா கேட்காதா என்றெல்லாம் யோசிக்கவில்லை. அடிவயிற்றிலிருந்து கத்தினேன். "வேல் வேல்!" ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற ஜூலி என்னைவிடப் பெரிதாகக் கத்தினாள். நீ பார்த்திருக்க வேண்டும். ஒன்றும் வரவில்லை. பத்து அடி ஏறி மறுபடியும் கத்தினோம். அப்புறம் இன்னும் பத்து அடி.

இடது பக்கம், மரங்கள் இருந்த திசையிலிருந்து, மெல்லியதாக வந்தது. "வெற்றி வேல்!"

"பெரியம்மா, அங்கேயே நில்லுங்க! நிறுத்தாம சொல்லிட்டே இருங்க, சத்தத்தைப் பிடிச்சு வர்றேன்!"

தொண்டை கட்டும்வரை சொன்னோம். பலகை ஒன்று கழன்று விழுந்திருக்கிறது, அதைத் தேடப் போய்த் திசை தவறியிருக்கிறாள். வெள்ளைக்குள்ளிருந்து முதலில் ஒரு சிவப்புக் கை வந்தது. ஒரு தடவை ஏமாந்தவள் அல்லவா, முகத்தைப் பார்த்த பிறகுதான் நம்பினேன். கட்டிப்பிடித்துத் திட்டினேன், திட்டிக்கொண்டே அழுதேன். போன உயிர் திரும்பி வந்தது, செல்வி.

"பேரைச் சொல்லிக் கூப்பிட்டோமே, கேக்கலையாடி?"

"என்னமோ கேட்டுச்சு, காத்துன்னு நினைச்சேன். அப்புறம் வேல் வேல்னு..." என்று நிறுத்தினாள். "அம்மான்னு நினைச்சிட்டேன், பெரியம்மா."

உனக்குக் கேட்டதா அது?

பிறகு மீட்பு ஆட்கள் வந்து எங்களைப் பனிவண்டியில் இறக்கினார்கள். ஜூலி இறங்கியதும் இறங்காததுமாகப் போட்டோ எடுக்கச் சொன்னாள்.

சற்று முன்னால், தட்டைப் பார்த்துக்கொண்டே காவ்யா சொன்னாள். "அடுத்த மாசம் தைப்பூசத்துக்கு அம்மாவோட குடத்தை நான் எடுக்கிறேன்." என் தோசையையும் எடுத்து அவள் தட்டில் வைத்தேன்.

வாக்குக் கொடுக்கிறேன், செல்வி. அவளுக்குப் பின்னால் நான் நடப்பேன். அன்றைக்கு ஊரே மஞ்சள் கட்டியிருக்கும், இனி நிறத்தை நம்பமாட்டேன். குடத்தைத் தாங்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்க முடியாமல் அவள் குரல் கொடுப்பாள். ஒவ்வொரு தடவையும் பின்னாலிருந்து பதில் வரும்.

உன் மகளுக்குப் பெரியம்மா,
பானு