கசுந்தி பாட்டிலில் வைத்த சென்சார் குறித்த புகார்

அனுப்புநர்:
மு. தேவிப்ரியா (வயது 18),
பேக்கிங் பிரிவுத் தொழிலாளி,
தாஸ்நகர், ஹவுரா.

பெறுநர்:
திரு. வெங்கடநாராயணன் அவர்கள்,
தலைமை ஆய்வு அலுவலர்,
தொழிற்சாலை மின்சிக்கன விருதுக் குழு,
சால்ட் லேக், கொல்கத்தா.

பொருள்: எங்கள் மின்விசிறித் தொழிற்சாலையில் காற்று உலர்த்தும் இயந்திரத்தை ஏமாற்றி மின்சிக்கன விருது பெறவிருக்கும் மேலாளர் தபன் ஹால்தார் மீது நடவடிக்கை கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. விருது விழா அழைப்பிதழில் தங்கள் பெயரைப் பார்த்து, அம்மாவிடம் கற்ற தமிழில் எழுதுகிறேன். வங்காளத்தில் எழுதினால் இடையில் யாராவது படித்து ஹால்தாரிடம் சொல்லிவிடக்கூடும்.

1. மின்விசிறி இறக்கைகளுக்குப் பவுடர் பெயின்ட் அடிக்க ஈரமில்லாத காற்று வேண்டும். கம்ப்ரசர் காற்றை உலர்த்த இரண்டு டவர்கள் உள்ளன. ஒன்று உலர்த்தும்போது, மற்றது தன் ஈரத்தைப் போக்க, உலர்ந்த காற்றில் ஒரு பங்கை வெளியே ஊதித் தள்ளும். அப்படிப் போகும் காற்றெல்லாம் வீணாகும் மின்சாரம். கடிகாரப்படி டவரை மாற்றாமல், ஈரம் ஏறிய பிறகே மாற்றும்படி சென்சார் பொருத்தச் சொல்லி இரண்டு வருடம் கேட்டவர், கம்ப்ரசர் ஆபரேட்டரான என் அப்பா முத்துக்குமார். ஜனவரியில் பொருத்தினார்கள். மின்சாரம் உண்மையாகவே மிச்சமானது.

2. மழைக்காலத்தில் அந்த மிச்சம் குறையத்தான் செய்யும். ஹால்தாருக்கு அது பொறுக்கவில்லை. ரெகுலேட்டர் பெட்டிகளில் நாங்கள் போடும், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களில் நான்கை ஜூன் முதல் திங்கட்கிழமைதோறும் என்னிடம் வாங்கினார். கேமராவுக்கு என்றார். கொடுத்தேன்.

3. ஜூலையில் பெயின்ட் கொப்புளித்து, இறக்கைகள் பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தன. கம்ப்ரசர் டாங்கில் தேங்கிய தண்ணீரை அப்பா வால்வைத் திறந்து வடிக்கவில்லை என்று எல்லோர் முன்னிலையிலும் எழுதி வாங்கி, பத்தொன்பது வருட வேலையிலிருந்து அவரை ஹால்தார் நீக்கினார். நான் வாய் திறவாமல் நின்றேன். “உன் வாயிலயும் வால்வைத் திறக்க மறந்துட்டானா உங்கப்பன்?” என்று இந்தியில் கேட்டார். சிரித்தார்கள். யார் யார் சிரித்தார்கள் என்பது எனக்கு நினைவிருக்கிறது.

4. நவம்பர் 18 அன்று விடுப்பில் இருந்த ஹால்தார், பொட்டலங்களைக் கம்ப்ரசர் அறையில், யாரும் எட்டிப் பார்க்காத டவர்களின் பின்புறம் வைக்குமாறு போனில் சொன்னார். நான் யாரிடமும் பேசமாட்டேன் என்ற தைரியம். அங்கே சென்சார் குழாயில் இல்லை. கசுந்திக் கடுகு விழுது வரும் கண்ணாடிப் பாட்டிலின் மூடியில் துளையிட்டு, அதில் செருகியிருந்தது. பாட்டில் நிறைய நான் கொடுத்த பொட்டலங்கள். அதற்குள் எப்போதும் வறண்ட காற்றுதான். டவர் மாறாது, காற்று வெளியே போகாது, மின்கட்டணம் குறையும். பெயின்டுக்கு ஈரக் காற்று போகும்.

5. தங்களுக்கு அவர் அனுப்பிய அறிக்கை எங்கள் நோட்டீஸ் போர்டிலும் உள்ளது. அதில் மிச்சமான மின்சாரத்தைக் காட்டும் படத்தில் ஜனவரிக் கோடும் ஜூலைக் கோடும் ஒரே உயரத்தில் இருக்கின்றன. கொல்கத்தாவில் ஜூலை மாதம் துணிகூடக் காயாது என்பது தாங்கள் அறியாததல்ல.

பொட்டலம் கொடுத்த குற்றத்துக்கு எனக்குரிய தண்டனையை ஏற்கிறேன்.

விழா நாளான டிசம்பர் 20 அன்று ஹால்தார் சால்ட் லேக்கில் இருப்பார். அன்று காலை கம்ப்ரசர் அறைக்கு ஆய்வாளரை அனுப்பக் கோருகிறேன். அதுவரை அவருடைய அழைப்பை ரத்து செய்ய வேண்டாம். புது கோட் தைத்திருக்கிறார். உறவினர்களையும் அழைத்து வருகிறார். அவரை மேடைக்குக் கூப்பிட்டு நிற்க வைத்த பிறகு, ஆய்வாளர் கண்டதை மைக்கில், வங்காளத்தில், நிதானமாகப் படிக்க வேண்டுகிறேன்.

இந்த மனு அப்பாவுக்குத் தெரியாது. வேலை திரும்பக் கிடைத்தால் போதும் என்பார். எனக்குப் போதாது.

தங்கள் நடவடிக்கையை எதிர்நோக்கும்,
மு. தேவிப்ரியா

இடம்: ஹவுரா
நாள்: 09.12.2024