முதலில் வந்த செய்தி

லுங்கிலேயின் அப்பாவுக்கு,

மாகுமாலோ வணங்கி எழுதுவது. நாங்கள் இருக்கிறோம். நீங்களும் உயிரோடு இருக்கிறீர்கள். நம் முன்னோர்களுக்கு நன்றி.

நீங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இங்கே நடந்தது உங்களுக்குத் தெரிய வேண்டும். சுரங்கத்தில் பாறை சரிந்ததை ஜாமாதான் வந்து சொன்னார். உங்களோடு வேலை செய்தவர் ஆயிற்றே, லீவில் வந்தவர் தன் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே நம் வாசலுக்கு வந்து, "பெகிசிஸ்வே போயிட்டான்" என்று அழுதார். அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடிவிட்டார்கள். என்னைப் பாயில் உட்காரவைத்து, தலையை மழிக்கக் கத்தி எடுத்தார்கள். உங்கள் தம்பி முசி சடங்குக்கு மாடு பார்க்கத் தொழுவத்துக்குப் போனார். நான் எதையும் தடுக்கவில்லை. எனக்கு எதுவும் காதில் விழவில்லை.

தடுத்தது உங்கள் அம்மா. நான் காய்ச்சும் பீரை ஒருநாளும் நன்றாக இருக்கிறது என்று சொல்லாத அதே அம்மாதான். கத்தியைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, "என் பிள்ளை உடம்பை நீ பார்த்தியா, ஜாமா?" என்றார். பார்க்கவில்லை, சுரங்கத்தில் இறந்தவர்கள் பெயரை வாசித்தார்கள், அதைத்தான் கேட்டேன் என்றார் ஜாமா.

"படைச்சவரு, பெரியவர் உன்குலுன்குலு, நம்மளை நாணல் காட்டுலேருந்து ஒடிச்சு எடுத்தாரு. மனுஷங்களுக்குச் சாவு கிடையாதுன்னு சொல்லப் பச்சோந்தியை அனுப்பினாரு. அது வழியில பழம் தின்னுக்கிட்டு நின்னுடுச்சு. பின்னால கிளம்பின பல்லி, சாவுங்கிற சேதியோட முந்தி ஓடியாந்துடுச்சு. நம்ம ஆளுங்க முதல்ல வந்ததையே நம்பிட்டாங்க. பச்சோந்தி வந்து சேர்ந்தப்போ ஒருத்தரும் காது கொடுக்கலை. அந்தத் தப்பு என் வாசல்ல நடக்காது" என்றார் அம்மா.

"அதெல்லாம் கதைம்மா, ஊர் சிரிக்கும்" என்றார் முசி. "கதையா? நீ எங்கேருந்துடா வந்தே? அந்த நாணல்லேருந்துதானே! போய் மாட்டை அவுத்துவிடு" என்றார் அம்மா.

அதன்பிறகு மழையிலும் வெயிலிலும் வாசலை விட்டு நகரவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார். நான் சாப்பிடாமல் கிடந்தபோது புளித்த பாலைத் தன் கையாலேயே ஊட்டினார். "உனக்காக இல்லடி, நீ செத்தா அவன் வந்து என்னைத்தான் திட்டுவான்" என்றார்.

நீங்கள் உயிரோடு இருப்பதாகக் கடைக்காரர் போனில் கேட்டுவந்து சொன்னார். சுரங்கத்தில் இறந்தது ஆற்றுக்கு அக்கரை ஊர்க்காரரான இன்னொரு பெகிசிஸ்வே. நம் வீட்டில் குலவை எழுந்தது. அம்மா மட்டும் குலவையிடவில்லை. "எழுந்திரு, செத்தவனோட பொண்டாட்டியைப் பார்க்கப் போகணும்" என்றார்.

போனோம். அவளுக்குத் தலை மழித்திருந்தார்கள். என் முடியைத் துணியால் இழுத்து மூடிக்கொண்டேன். அவள் என் கையைப் பிடித்து, "உன் ஆளு வரட்டும்" என்றாள். அழுகையும் வந்தது, நீங்கள் இருக்கிறீர்களே என்ற நன்றியும் வந்தது. இரண்டையும் அவள் முன்னால் மறைக்கத் தெரியவில்லை.

நேற்று உங்கள் கடிதம் வந்தது. ஒற்றைக் காலோடு வந்து பாரமாக இருக்கமாட்டேன், நீ உன் அப்பா வீட்டுக்குப் போய்விடு என்று சொல்லி எழுதவைத்திருக்கிறீர்கள். கால் போனதை மட்டும் அம்மாவிடம் சொன்னேன். மற்றதை வாசித்துக் காட்டவில்லை. அம்மா உடனே முசியைக் கூப்பிட்டு, குனிந்து நுழையும் நம் குடிசை வாசலை உயர்த்திக் கட்டச் சொன்னார். இப்போது பக்கத்திலேயே நின்று, "இன்னும் மேலே தூக்குடா, அவன் கோல் ஊன்றி நிமிர்ந்து வரணும்" என்று அவரை விரட்டிக்கொண்டிருக்கிறார்.

முன்னோர்கள் உங்களுக்குப் பின்னால் நிற்கட்டும். அந்தக் காலை நினைத்து நான் அழவில்லை; மிச்சம் இருக்கும் உங்களை நினைத்துத்தான் அழுகிறேன். வேறு எதுவும் எழுத வேண்டாம். எந்த பஸ் என்று மட்டும் எழுதுங்கள். ரோட்டில் நிற்கிறேன்.

உங்கள்
மாகுமாலோ