கடல் பக்கத்துக் கதவு

வீட்டிலிருந்து,
ஜனவரி. நவம்பரில் மறைந்த சூரியன் இன்னும் மலைக்கு மேலே வரவில்லை.

அன்புள்ள ஐனாருக்கு,

மாரித் எழுதுவது. நான் நலம். நீயும் உன் வானிலை நிலையமும் காற்றில் பறந்து போகாமல் அதே தீவில்தான் இருக்கிறீர்கள் என்று நம்பி எழுதுகிறேன்.

போனில் பேசியிருக்கலாம். ஆனால் போனில் நாம் காற்றைப் பற்றி மட்டும்தான் பேசுகிறோம். அங்கே எப்படி என்று நான் கேட்கிறேன். இங்கே எப்படி என்று நீ கேட்கிறாய். பிறகு வைத்துவிடுகிறோம்.

உன் கடிதம் கிடைத்தது. இன்னொரு குளிர்காலமும் அங்கேயே இருக்கச் சொல்கிறார்கள், ஏப்ரல் கப்பல் வருவதற்குள் பதில் சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தாய். அதற்குக் கீழே ஒரு வரி. இன்னும் ஒரு குளிர்காலம் பிரிந்திருந்து பார்த்தால் நமக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடும் என்று. அந்த வரியில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அன்றே பதில் எழுதியிருப்பேன்.

அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் நூலகம்.

வாசிப்புக் கூடத்தை எங்களிடமிருந்து எடுக்கப் பார்க்கிறார்கள். கண்ணாடித் தடுப்புகள் வைத்து, தொழில் தொடங்கும் மாணவர்களுக்கு அறைகளாக்கப் போகிறார்களாம். பல்கலைக்கழகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் நிர்வாக இயக்குநர் ஹால்வாரின் யோசனை. தெற்கே ஒஸ்லோவிலிருந்து வந்தவர். கெட்டவர் என்று சொல்ல முடியவில்லை. மதியம் எங்கள் மேசைக்கே வந்து, வீட்டிலிருந்து தாளில் மடித்து எடுத்து வந்த ரொட்டியைத் தின்கிறார். அப்படித் தின்றுகொண்டேதான் கேட்டார். "நூலகம் இருக்கறதால இந்தப் பல்கலைக்கழகத்துக்கு என்ன கிடைக்குது? ஒரே ஒரு பக்கத்துல சொல்லுங்க. புத்தகம் எத்தனை வச்சிருக்கீங்கன்னு சொல்லாதீங்க. அது செலவு. அதனால யாருக்கு என்ன ஆச்சுன்னு சொல்லுங்க."

கேள்வி நியாயமானது. அதுதான் சங்கடம்.

எங்கள் தலைவி தோர்டிஸ் அந்தப் பக்கத்தை என்னிடம் தள்ளிவிட்டாள். "நீ எழுது. எனக்கு எழுத வந்தா திட்டத்தான் வரும்" என்றாள்.

டிசம்பர் முழுக்க அந்த ஒரு பக்கத்தோடு இருந்தேன். புத்தகம் எடுக்கும் மாணவர்கள் நல்ல மதிப்பெண் வாங்குகிறார்கள், படிப்பைப் பாதியில் விடுவதில்லை. இது உண்மை. எழுதினேன். உடனே அடித்தேன். நன்றாகப் படிக்கிறவர்கள்தானே நூலகத்துக்கு வருகிறார்கள்? நாங்கள் அவர்களை ஆக்கினோமா, அல்லது ஏற்கெனவே ஆனவர்கள் எங்களிடம் வந்தார்களா? ஆராய்ச்சியாளர் ஒருவர், நாங்கள் தேடித் தந்த கட்டுரைகள் இல்லாமல் தனக்கு அந்த நிதி கிடைத்திருக்காது என்றார். எழுதித் தாருங்கள் என்றேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

கடைசியில் கதவைப் பிடித்துக்கொண்டேன். வாசல்களில் ஆள் எண்ணும் கருவி இருக்கிறதல்லவா, அது சொல்வதை எடுத்தேன். ஒவ்வொரு குளிர்காலத்திலும் கூட்டம் ஏறுகிறது. தோர்டிஸ் நான் போட்ட வரைபடத்தைப் பார்த்துவிட்டு என் தோளைத் தட்டினாள்.

கணினி பார்க்கும் அஸ்லாக் தட்டவில்லை. அவன் வீட்டில் இன்னும் கலைமான் மந்தை வைத்திருக்கிறார்கள். "எங்க பக்கம் ஒருத்தன்கிட்ட போய் உனக்கு எத்தனை மான் இருக்குன்னு கேட்டா அசிங்கம், பேங்க்ல எவ்வளவு இருக்குன்னு கேக்கற மாதிரி. ஆனா எங்க மாமாவுக்குத் தெரியும், எது தன் மான், எது சும்மா அந்த வழியா நடந்து போற மான்னு. உன் மெஷினுக்குத் தெரியுமா?" என்றான்.

நான் சிரித்தேன். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது.

மறுநாள் காலை கடல் பக்கத்துக் கதவருகே நின்றேன். பேருந்து வந்தது. கூட்டம் உள்ளே வந்தது. பூட்ஸைத் தட்டியது. கூடத்தின் நடுவே நடந்து அந்தப் பக்கக் கதவு வழியாக வகுப்புக் கட்டடத்துக்குப் போய்விட்டது. யாரும் எந்த அலமாரியையும் பார்க்கவில்லை. ஐனார், நானும் இங்கே மாணவியாக இருந்த காலம் முழுக்க அப்படித்தானே போனேன்? நீயும்தான். வெளியே நடக்க வேண்டிய தூரத்தை உள்ளே நடப்பது நமக்கு மூச்சு விடுவது போல. அதனால்தான் என் கண்ணில் படவே இல்லை. குளிர் ஏற ஏற வாசகர்கள் கூடுகிறார்கள் என்று எழுதி வைத்திருந்தேன்.

ஹால்வாரிடம் போய்ச் சொன்னேன். தோர்டிஸுக்கு முகம் வெளுத்துவிட்டது. "இதை நீ சொல்லலேன்னா அந்த ஆளுக்குத் தெரிஞ்சே இருக்காதுடி. தெற்கத்தி ஆள். அவர் இன்னும் வெளியிலதான் சுத்திக்கிட்டு நடக்கறார்" என்று அப்புறம் என்னைத் தனியாகப் பிடித்துச் சொன்னாள்.

ஹால்வார் கோபப்படவில்லை. சந்தோஷப்பட்டார். "அப்ப கடல் பக்கத்துக் கதவை ஒரு வாரம் பூட்டிப் பாப்போம். உண்மையிலேயே நூலகம் வேணுங்கறவன் முன்வாசலுக்குச் சுத்திக்கிட்டு வருவான். அவனை எண்ணுவோம். ஒரே வாரத்துல தெரிஞ்சிடும்."

தெரிந்துவிடும். உன் கடிதம் அப்போது என் பையில்தான் இருந்தது.

சாவியை என்னிடம் கொடுத்தார்கள். பூட்டினேன்.

அந்த வாரத்தை எப்படிச் சொல்வது. கூடம் சுத்தமாக இருந்தது. தரையில் பனிநீர் இல்லை. அலமாரிகளுக்குக் கீழே இருக்கும் ஹீட்டர்கள் மேல் யாருடைய கையுறையும் காயவில்லை. முன்வாசல் வழியாக வந்தவர்கள் வந்தார்கள், உட்கார்ந்தார்கள், படித்தார்கள். எப்போதும் வருகிறவர்கள். கருவி அவர்களை ஒழுங்காக எண்ணியது. நான் மேசைக்கும் கதவுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். அஸ்லாக் சொன்னான், "உன்னையும் சேத்து எண்ணினா நாம ஜெயிச்சிடலாம்."

வாரக் கடைசியில் புயல். பேருந்திலிருந்து இறங்கியவர்கள் தலையைக் குனிந்துகொண்டு கட்டடத்தைச் சுற்றிப் போனார்கள். ஒருத்தி மட்டும் போகவில்லை. கதவை இழுத்துப் பார்த்தாள். கண்ணாடியில் கைகளைக் குவித்து உள்ளே பார்த்தாள். நான் இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன், சாவி சட்டைப் பையில். அவள் தட்டவில்லை. பார்த்துக்கொண்டு நின்றாள், அவ்வளவுதான்.

திறந்துவிட்டேன்.

சில்யா என்று பேர். மீன்வளம் படிக்கிறாள். கையுறையைக் கழற்றிக்கொண்டே, "நான் புத்தகம் எடுக்க வரல. முதல்லயே சொல்லிடறேன். கை மட்டும் கொஞ்சம் காஞ்சாப் போதும்" என்றாள். ஹீட்டர் பக்கத்தில் நின்றாள். நான் என் மேசைக்குத் திரும்பினேன். கொஞ்ச நேரம் கழித்து அங்கிருந்தபடியே, என்னைப் பார்க்காமல் கேட்டாள். காட் மீனில் வரும் ஒரு புழுவைப் பற்றி எழுதுகிறாளாம். எங்கே தேடுவதென்றே தெரியவில்லையாம். "மேசைக்கு வந்து கேக்க ஒரு மாதிரி இருந்துச்சு. இது கூடத் தெரியாதான்னு நினைப்பீங்க. சரி, போற போக்குல கேட்டுடலாம்னு நினைச்சேன். இலையுதிர்காலத்துல இருந்து போய்க்கிட்டேதான் இருக்கேன்."

மதியம் வரை உட்கார்ந்து தேடினோம். அந்தப் புழு மிக அசிங்கமானது. உனக்குப் படம் அனுப்பமாட்டேன்.

வெள்ளிக்கிழமை எல்லோரும் சேர்ந்து வாஃபிள் தின்னும் நேரத்தில் ஹால்வாரிடம் நானே சொன்னேன், கதவைத் திறந்துவிட்டேன் என்று. அவர் பழுப்புச் சீஸைச் சீவிக்கொண்டிருந்தார். "எத்தனை பேருக்கு?" என்றார். ஒருத்திக்கு என்றேன். நடந்ததைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "நல்ல கதை. நிஜமாவே நல்ல கதை. ஆனா ஒரு பொண்ணு, ஒரு ஜோடி கையுறை, ஒரு புழு. ஆட்சிக்குழுவுக்குப் போற தாள்ல இதை எந்தக் கட்டத்துல எழுதறது, மாரித்?"

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன். அந்தக் கதவு வழியாகச் சும்மா போகிறவர்களில் எத்தனை பேர் கேட்பதற்காகவே போகிறார்கள் என்று எந்தக் கருவியாலும் சொல்ல முடியாது என்றேன். தோர்டிஸ் என் தட்டில் இன்னொரு வாஃபிளை வைத்தாள். அவளுக்கு ஆறுதல் சொல்லத் தெரிந்தது அவ்வளவுதான்.

அந்த ஒரு வாரக் கணக்கு கெட்டுப்போனதால் மார்ச்சில் மறுபடியும் பூட்டலாம் என்கிறார் ஹால்வார். இந்த முறை முழுசாக, யாருக்கும் திறக்காமல். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. சாவியை என்னிடமே நீட்டினார். நான் வாங்கவில்லை. "வேற யார்கிட்டயாவது குடுங்க. நான் திறந்துடுவேன்" என்றேன்.

அஸ்லாக் வாங்கவில்லை. தோர்டிஸ் தன் காப்பிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். சாவி இன்னும் மேசை மேல் கிடக்கிறது. கூடம் போனாலும் போகலாம். பக்கத்தை மறுபடி எழுதிக் கொடுத்துவிட்டேன். சில்யாவைப் பற்றி எழுதினேன், அவள் பெயரை விட்டுவிட்டு. கதவுக் கணக்கையும் எழுதினேன், அது என்ன எண்ணுகிறது என்பதையும் எழுதினேன். ஆட்சிக்குழு இதைப் படித்துவிட்டு என்ன செய்யுமோ.

உன் வரிக்கு வருகிறேன்.

நீ கணக்கு கேட்கவில்லை என்று தெரியும். ஆனாலும் இந்த மாதம் முழுக்க உனக்கும் ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். நான் இருப்பதால் உனக்கு என்ன கிடைக்கிறது என்று. வெட்கமாக இருந்தது, கிழித்துவிட்டேன். நாம் ஒரே வீட்டில் பாதி நாள் ஒருவரையொருவர் கடந்து போய்க்கொண்டுதான் இருந்தோம். நான் குளியலறைக்கு, நீ அடுப்படிக்கு. அதில் என்ன இருந்தது என்று நீ கேட்டால் என்னிடம் காட்ட ஒன்றும் இல்லை. கேட்க நினைத்துக் கேட்காமல் நான் எத்தனையோ முறை கடந்து போயிருக்கிறேன். நீயும் அப்படிப் போனாயா?

பூட்டிப் பார்க்க வேண்டாம், ஐனார். அதற்கு நான் சரியான ஆள் இல்லை என்று இப்போது எழுத்துமூலம் நிரூபணம் ஆகிவிட்டது. அவர்களிடம் முடியாது என்று சொல்லிவிட்டு ஏப்ரல் கப்பலில் ஏறு.

காதை மூடிக்கொண்டு வெளியே போ. காற்று உன்னிடம் கொஞ்சம் இரக்கமாக இருக்கட்டும்.

நீ விட்டுப்போன சாம்பல் நிறக் கையுறை நம் வீட்டு ஹாலில் ஹீட்டர் மேலேயே இருக்கிறது. எப்போதோ காய்ந்துவிட்டது. காலையில் எழுந்ததும் திருப்பிப் போடுகிறேன்.

உன்,
மாரித்