அக்காவிடம் இருந்த இதயம்

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

உன் லூபஸ்காரத் தங்கை நலம், நம்பு. மூட்டுவலி அடங்கிவிட்டது. படச்சட்டக் கடையில் நாள் முழுக்க நிற்கிறேன். மாடிப்படி ஏறும்போதுதான் லேசாக மூச்சு வாங்குகிறது. இதயத்தை எக்கோ ஸ்கேன் எடுத்துவிட்டு, "எல்லாம் நார்மல்தாம்மா" என்றார் டாக்டர். ஆகவே உன் நச்சரிப்புக்கு லீவு கொடு. நானும் மாத்திரைக்கு லீவு கொடுக்கலாமென்று இருக்கிறேன். விழுங்கி விழுங்கி அலுத்துவிட்டது.

உன் வாலு

மார்ச் 9

அடி வாலு,

மாத்திரையை நிறுத்தினாயோ, தொலைத்துவிடுவேன். உடம்பின் காவல்படை உடம்பையே அடிக்கிற நோய் இந்த லூபஸ். மூட்டுகளை விட்டுவிட்டு இதயத்தைத் தொட்டிருக்கலாம். சாதாரண எக்கோவில் இதயம் எவ்வளவு ரத்தம் தள்ளுகிறது என்று பார்ப்பார்கள். 'ஸ்ட்ரெய்ன்' என்று ஒன்று உண்டு. தசை எவ்வளவு சுருங்குகிறது என்று இடம் இடமாக அளக்கும். தள்ளுவது குறைவதற்கு முன்பே தளர்ச்சி அதில் தெரிந்துவிடும்.

எக்கோ படிப்பில் சேர்ந்த புதிதில் உன்னைப் படுக்கவைத்துத்தானே பழகினேன்? ஜெல் ஜில்லென்று இருக்கிறதென்று கத்தி, ஐஸ்கிரீம் கூலி வாங்கினாய். நான் படம் எடுத்த முதல் இதயம் அதுதான். பாடத்தையே மறந்து அசந்துபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். நோய் வருவதற்கு முந்தைய உன் இதயம். பத்திரமாக வைத்திருக்கிறேன். கடிதத்தோடு வரும் இந்த டிஸ்கில் இருக்கிறது, இதோடு ஒப்பிட்டு ஸ்ட்ரெய்ன் பார்க்கச் சொல் டாக்டரிடம்.

கோபமும் முத்தமும்,
அக்கா

மார்ச் 21

அக்கா,

என்னத்தைச் சொல்ல! இரண்டையும் ஒரே திரையில் ஓடவிட்டார்கள். இடப்பக்கம் பத்தொன்பது வயசு நான், வலப்பக்கம் இப்போதைய நான். அதே வால்வு, அதே படபடப்பு. நான் தூங்கியபோதும் உன்னோடு சண்டை போட்டபோதும் இது ஒருநாள்கூட லீவு கேட்டதில்லையே.

நன்றாகச் சுருங்கும் தசை ஸ்ட்ரெய்ன் படத்தில் சிவப்பாகத் தெரியுமாம். பழைய படம் முழுக்க அடர்சிவப்பு. புதியதில் ஓர் ஓரம் வெளுத்திருந்தது. "இதை மட்டும் பாத்திருந்தா நார்மல்னு விட்டிருப்போம்மா. பழசு இருந்ததாலதான் சுருங்குறது கொறஞ்சிருக்குன்னு தெரியுது. சீக்கிரமே பாத்துட்டோம், காப்பாத்திடலாம்" என்றார் டாக்டர். புது மாத்திரை ஒன்றும் சேர்ந்திருக்கிறது. எல்லாவற்றையும் ஒழுங்காக விழுங்குகிறேன், திட்டாதே.

படம் எடுக்கும்போது மூச்சை அடக்கச் சொன்னார்கள். அடக்கினேன். திரையில் இதயம் மட்டும் அந்த வெளுத்த ஓரத்தையும் இழுத்துக்கொண்டு துடித்தபடியே இருந்தது. அழுதுவிட்டேன் அக்கா.

இப்போதெல்லாம் மாடிப்படியில் பாதியில் நின்றுவிட்டுத்தான் ஏறுகிறேன். அவசரமா என்ன? என் இதயமும் கூடவே வரட்டும்.

உன் வாலு