மூன்று படம், இரண்டு கம்பெனி

திண்டிவனம் வட்டம்
19-9-2025, வெள்ளிக்கிழமை

அன்புள்ள ப்ரியதர்ஷினிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், சிவப்பிப் பசு போன புதன்கிழமை கிடாரிக் கன்று ஈன்றிருக்கிறது, அதுவும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருப்பதும் நல்லபடியாக இருக்கிறீர்கள் என்ற நினைப்பிலேயே எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் முகம் பார்த்துப் பேசிக்கொள்கிறோமே, அம்மாவுக்கு எதற்குத் திடீரென்று காகிதமும் பேனாவும் என்று கேட்பாய். போனில் பேசினால் உன் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார். நான் சொல்லப்போவது அவரை வைத்துக்கொண்டு சொல்கிற விஷயம் இல்லை. அதனால்தான் இந்த மல்லாட்டைப் பார்சலுக்குள் மடித்து வைத்திருக்கிறேன். மாப்பிள்ளை வேர்க்கடலை என்று சொல்வாரே, அதுதான், புதுசு, இன்னும் கொஞ்சம் ஈரம் இருக்கிறது, வந்ததும் பால்கனியில் பரப்பிவிடு, கட்டி வைத்தால் பூத்துவிடும். கேப்பை மாவும் இரண்டு கிலோ வைத்திருக்கிறேன்.

நேற்று ராத்திரி நீ போனில் ஒரு கேள்வி கேட்டாய். ஊருக்கு வந்து வீட்டிலிருந்தே வேலை செய்ய வேண்டும் என்றால் வாரத்துக்கு ஒன்றாக மூன்று வாரம் நம் வீட்டு நெட் வேகத்தைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லி உன் ஆபீஸில் கேட்டார்கள், அப்பா அனுப்பினார். முதல் இரண்டு படத்தில் ஒரு கம்பெனி பெயர் இருக்கிறது, மூன்றாவது படத்தில் வேறு பெயர் இருக்கிறது, நாம் மாதாமாதம் பில் கட்டுகிற கம்பெனியோ இரண்டும் இல்லை, இது எப்படி அப்பா என்று கேட்டாய். அவர் உடனே, கம்பெனிக்காரன் ஒருத்தனை ஒருத்தன் வாங்கிக்கினு இருப்பான், நமக்கு எதுக்கும்மா அதெல்லாம் என்று சொல்லிவிட்டு எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். ராத்திரி எட்டு மணிக்கு எந்த மாடு தண்ணீர் கேட்டது. உண்மை என்னவென்றால் மூன்று படமும் உன் ஜினதாஸ் சித்தப்பா வீட்டு நெட்டில் எடுத்தவை. நம் வீட்டு நெட் செத்துப்போய்ப் பத்து மாதம் ஆகிறது.

போன கார்த்திகை வெள்ளத்தில் ரோட்டோரம் இருந்த கம்பம் சாய்ந்து கம்பி அறுந்தது உனக்குத் தெரியும். நம் மோடத்தில் சிவப்பு விளக்கு எரிய ஆரம்பித்தது. அந்தச் சமயம் அப்பா கண் ஆபரேஷனுக்காக விழுப்புரத்தில் உன் அத்தை வீட்டில் இருந்தார். நான் கம்பெனிக்குப் போன் போட்டேன், வர்றோம் என்றார்கள், இரண்டு தடவை ஆள் வந்து கம்பத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்கள், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை உன் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் புழக்கடையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்ததை உன் சித்தி ஜெயமாலா பார்த்துவிட்டாள். வீட்டுக்கு நடுவில் சுவர் வைத்தது ஆண்கள்தானே, எங்களுக்குள் என்ன இருக்கிறது, சுவருக்கு மேலேயே அவர்கள் வீட்டுப் பாஸ்வேர்டைச் சொன்னாள். நான் போனிலும் டிவியிலும் போட்டுக்கொண்டேன். அப்பா வந்ததும் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அவர் கட்டுப் பிரித்து வந்த அன்றைக்கே உன்னோடு வீடியோவில் பேசிவிட்டு, ஆஸ்பத்திரியிலிருந்து ஒரே ஒரு போன் போட்டேன், ஓடி வந்து சரி பண்ணிட்டான் பாத்தியா என்று மீசையைத் தடவினார். நான் பொய் எதுவும் சொல்லவில்லை, பேசாமல் இருந்தேன். பேசாமல் இருப்பதும் பொய்யில்தான் சேரும் என்று எனக்கும் தெரியும், தினம் கோயிலில் நிற்கும்போது அது உறுத்தத்தான் செய்தது.

அவர் சும்மாவும் இருக்கவில்லை. ஆடி மாதம் போன் நம்பரை வேறு கம்பெனிக்கு மாற்றினாரே, அதிலிருந்து ஆளைப் பிடிக்க முடியவில்லை. திண்டிவனத்தில் போன் கடை வைத்திருக்கும் வெண்ணிலா ஒரு மெசேஜ் அனுப்பச் சொன்னது, அதற்கு ஒரு நம்பர் வந்தது, அந்த நம்பர் நாலு நாளைக்குத்தான் செல்லும் என்று ஆதாரைக் காட்டிப் போட்டோ எடுத்துப் புது சிம் கொடுத்தது, மூன்றாம் நாள் பழைய சிம் அடங்கிப் புதுசு உயிர் பெற்றது. நம்பர் அதே நம்பர், வீட்டுக்குள்ளேயே டவர் எடுக்கிறது. செய்தது எல்லாம் அந்தப் பெண், பெருமை இவருக்கு. மயிலம் பஸ்ஸில் ஏறுகிறவர்களை எல்லாம் நிறுத்தி, கம்பெனி மாற்றுவது எப்படி என்று பாடம் எடுத்தார். சரி, அதே கையோடு வீட்டு நெட்டையும் மாற்றிவிடலாமே என்று நான் மெல்லப் போட்டுப் பார்த்தேன். நம்ம நெட் சிங்கம் மாதிரி ஓடிக்கினு இருக்குது, அதை எதுக்கு மாத்தணும் என்று கேட்டார். நான் என்ன சொல்ல முடியும், ஓடுகிற சிங்கம் ஜினதாஸுடையது என்றா.

அவர்கள் இருவரும் பேசி ஆறு வருஷம் ஆகிறது. சித்தப்பா வரப்பு ஓரமாகப் போர் போட்ட கோடையில்தான் நம் கிணறு வற்றியது, இரண்டு போகம் மல்லாட்டை காய்ந்தது, அப்பா பக்கம் நியாயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நம் ஜைனருக்கு எல்லா ஜீவன்களிடமும் மன்னிப்புக் கேட்கிற நாள் என்று வருஷா வருஷம் ஒன்று வருகிறதே, போன வாரம்கூட வந்தது, அன்றைக்கு உன் அப்பா எறும்பிடம் கேட்பார், உழுத மாட்டிடம் கேட்பார், வாட்ஸ்அப்பில் முன்பின் தெரியாதவர்களிடம் எல்லாம் கேட்பார். சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறவரிடம் மட்டும் கேட்க மாட்டார். அவரும் அப்படித்தான், ஒரே வார்ப்பு.

இந்த லட்சணத்தில் போன திங்கட்கிழமை காலையில் நெட் நின்றுவிட்டது. எனக்கு உயிரே போய்விட்டது. எட்டிப் பார்த்தால் சித்தப்பா வீட்டு மாடியில் ஆள் ஏறிப் பழைய கம்பியைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறான், அவர்களும் கம்பெனி மாற்றுகிறார்கள். புது மோடம், புதுப் பாஸ்வேர்டு. சித்தியிடம் கேட்கலாம் என்றால் அவள் மகளைப் பார்க்க ஆரணி போயிருக்கிறாள், போட்ட போனை எடுக்கவில்லை. சித்தப்பாவுக்கு விஷயம் தெரிந்துபோய் வேண்டுமென்றே துண்டித்துவிட்டாரோ என்றுகூட நினைத்தேன், அப்படி நினைத்ததற்கு இப்போது வெட்கமாக இருக்கிறது. மூன்றாவது படம் வியாழக்கிழமைக்குள் போக வேண்டும். போகாவிட்டால் உனக்கு அனுமதி இல்லை, மாப்பிள்ளை ஆபீஸ் போனதும் நீ அந்த எட்டாவது மாடியில் வயிற்றைத் தாங்கிக்கொண்டு தனியாகக் கிடப்பாய், தலைப்பிரசவத்துக்குப் பெற்றவள் பக்கத்தில் இருக்க மாட்டேன். எனக்கு அது ஒன்றுதான் கவலை, மற்றது எதுவும் பெரிதாகத் தெரியவில்லை.

அப்பா செவ்வாய்க்கிழமை தன் கம்பெனிக்குப் போன் போட்டுச் சத்தம் போட்டார். எதிரில் பேசிய பெண் பொறுமையாகக் கம்ப்யூட்டரைப் பார்த்து, சார் உங்கள் லைனில் போன டிசம்பரிலிருந்து ஒரு நாள்கூட நெட் ஓடவில்லையே என்று சொல்லிவிட்டாள். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். “இத்தினி நாளா யார் வூட்டு நெட்ட வச்சிக்கினு நான் பேசிக்கினு இருந்தேன்” என்று கேட்டார். சொன்னேன். அப்புறம் என்னிடம் பேசவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு திண்டிவனம் போய் வெண்ணிலாவிடம் இன்றைக்கே புதுக் கனெக்ஷன் வேண்டும் என்று நின்றிருக்கிறார். எழுதிக்கொடுத்துவிட்டுப் போங்க, கம்பி இழுக்க எப்படியும் ஒரு வாரம் ஆகும் என்று அது சொல்லிவிட்டது. தன் போனில் வரும் நெட்டை வைத்துப் படம் எடுத்துப் பார்த்தார், உன் ஆபீஸ் கேட்ட வேகத்தில் கால்வாசிதான் காட்டியது. மொட்டைமாடியில் ஏறியும் பார்த்தார், அரைவாசி. புதன்கிழமை பொழுது சாய்வதற்குள் சாப்பிட உட்கார்ந்தவர் தட்டில் பாதியை வைத்துவிட்டு, நாளைக்கு என்ன தேதி என்று மட்டும் கேட்டார். பதினெட்டு என்றேன்.

நேற்றுக் காலை காலண்டரில் ஒரு தாளைக் கிழித்தார், பேனாவை எடுத்தார், செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். எங்கே என்று நான் கேட்கவில்லை. பார்த்தால் கண்ணாடி மேஜைமேல் இருக்கிறது, கண்ணாடி இல்லாமல் அவருக்கு எழுத வராது. எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன், அதனால்தான் பார்க்கக் கிடைத்தது. சித்தப்பா வீட்டு வாசலில் நிற்கிறார். சித்தப்பா உள்ளே மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தவர் எழுந்து நின்றுவிட்டார். அப்பா அவர் முகத்தைப் பார்க்கவில்லை, தூணைப் பார்த்துக்கொண்டு, “பாப்பாவுக்கு நெட் வேணுமாம்” என்றார். சித்தப்பா உள்ளே நடந்தார், நாங்களும் போனோம். மோடம் கூடத்தில் டிவி பக்கத்தில் இருக்கும் என்று பார்த்தால் அங்கே இல்லை. மூட்டை போடுகிற இருட்டறையில், நம் வீட்டோடு ஒட்டின சுவரில், ஆணி அடித்து மாட்டியிருக்கிறது. பக்கத்திலேயே பழைய மோடம் மாட்டியிருந்த ஆணியும் அப்படியே இருக்கிறது. அப்பா இரண்டு ஆணியையும் பார்த்தபடி நின்றார். சித்தப்பா, “கூடத்துல வச்சா உங்க பக்கம் எடுக்காது, அதான் இங்க வச்சது. புதுப் பாஸ்வேர்ட அவ ஊர்லேர்ந்து வந்து அண்ணிகிட்ட சொல்லிக்குவான்னு இருந்தேன்” என்றார். பத்து மாதமும் அவருக்குத் தெரியும், ப்ரியா. அவர்கள் கூடத்தில் நெட் சரியாக வராமல் உன் சித்தி வாசலில் நின்று போன் பேசுவாளே, அது இதனால்தான்.

பாஸ்வேர்டு மோடத்தின் முதுகில் பொடி எழுத்தில் ஒட்டியிருந்தது. சித்தப்பா டார்ச் அடித்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார், அப்பா காலண்டர் தாளைச் சுவரில் வைத்து எழுதினார். மொத்தம் பன்னிரண்டு. பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்று இவர் கேட்பார், அவர் சொல்வார். ஆறு வருஷத்துக்குப் பிறகு கூடப்பிறந்தவர்கள் இரண்டு பேர் பேசிக்கொண்டது அவ்வளவுதான், ஏழு, பெரிய கே, மூன்று, சின்ன டி என்று. முடிந்ததும் அப்பா முதலிலிருந்து கடைசிவரை ஒரு தடவை படித்துக் காட்டினார், நடுவில் நிறுத்தி நிறுத்திப் படித்தார். சித்தப்பா டார்ச்சை அணைக்காமலே, “சரியா இருக்குது அண்ணே” என்றார்.

வீட்டுக்கு வந்து படம் எடுத்து உனக்கு அனுப்பினோம், உன் ஆபீஸ் கேட்டதைப் போல இரண்டு மடங்கு வேகம். கிணற்றைப் பற்றி இரண்டு பேரும் இன்னும் வாய் திறக்கவில்லை, அது அவ்வளவு சீக்கிரம் தீருகிற பேச்சும் இல்லை. ஆனால் இன்று காலை கன்றைப் பார்க்கச் சித்தப்பா வந்தார், அப்பா நாற்காலி எடுத்துப் போட்டார். என்னிடமும் பேச ஆரம்பித்துவிட்டார், சாம்பாரில் உப்பு இல்லை என்று. நமக்கென்று புதுக் கனெக்ஷன் அடுத்த வாரம் வருகிறது, பழைய கம்பெனிக்கு நிறுத்தச் சொல்லி எழுதிக்கொடுத்தாயிற்று, பத்து மாதம் வெறும் சிவப்பு விளக்குக்குப் பில் கட்டிய கதையை மட்டும் மாப்பிள்ளையிடம் சொல்லாதே, அப்பா மானஸ்தர்.

திண்டிவனத்தில் லேடி டாக்டரிடம் அக்டோபர் ஆறாம் தேதிக்குச் சொல்லி வைத்திருக்கிறேன், ஸ்கேன் காகிதம் எல்லாவற்றையும் கைப்பையில் வை, பெட்டியில் போடாதே. இருட்டுவதற்குள் சாப்பிடு என்றால் உன் ஆபீஸ் நேரத்துக்கு ஒத்து வராது, இரண்டு பழமாவது வெளிச்சத்தில் சாப்பிட்டுக்கொள். ஞாயிற்றுக்கிழமை பேசும்போது இதெல்லாம் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே, அப்பாவாகச் சொன்னால் கேட்டுக்கொள், சொல்லாவிட்டால் விட்டுவிடு. பேசி முடித்ததும் சித்தப்பாவுக்கும் ஒரு போன் போடு. கூடத்தில் இருந்தால் முகம் விட்டு விட்டுத்தான் தெரியும், மூட்டை அறைக்குப் போய்ப் பேசச் சொல்.

நீயும் மாப்பிள்ளையும் பிறக்கப்போகிற பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும் என்று பகவானை வேண்டிக்கொண்டு,

உன் வரவைப் பார்த்திருக்கும் அம்மா,
ப. சந்திரமதி