உமிப் பெட்டியும் வீரபாண்டித் தயிர்சோறும்

1937, சித்திரை 4

எழுதவே வெட்கமாக இருக்கிறது. காப்பிக்கடையில் வாய் சும்மா இருக்கவில்லை. "இந்த வருசம் வீரபாண்டித் திருவிழாவுல நம்ம பந்தல் தயிர்சோறு பொழுது சாயுற வரைக்கும் சில்லுன்னு இருக்கும்" என்று அடித்துவிட்டேன். எப்படி? எனக்கே தெரியாது.

ஜெயமங்கலத்தில் விடியலில் ஆக்கி, வண்டியில் கொண்டுபோய், திருவிழாப் பந்தலில் போடுவது அப்பா காலத்திலிருந்து எங்கள் வீடுதான். போன வருடம் உச்சிக்கு முன்னாலேயே புளித்துவிட்டது. ஜனம் இலையை மடித்துவிட்டு எழுந்துபோனது. இந்தத் தடவையும் புளித்தால் பந்தல் மச்சினன் சுருளியாண்டி கைக்குப் போகும். ஊர்ப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள்.

"மச்சான், எதுக்கும் ஊறுகாய நெறைய வச்சுக்கங்க" என்கிறான் அவன். என் பெண்டாட்டி மாயக்காளின் கூடப்பிறந்தவன். திட்டினால் வீட்டில் எனக்குச் சோறு கிடைக்காது.

சித்திரை 9

தேனி ஸ்டேஷனில் எஸ்டேட் துரைக்கு ஐஸ் கட்டி வந்து இறங்கியது. மதுரையிலிருந்து மரத்தூளுக்குள் புதைந்தே வந்திருக்கிறது, இந்த வெயிலில்! நமக்கு மரத்தூள் எதற்கு? உமி இருக்கிறதே. போடியில் தங்கபாண்டி கடையில் காலித் தேயிலைப் பெட்டி இரண்டு வாங்கினேன். பெரியதற்குள் சின்னது, இடையில் உமி. மூடிக்கும் ஒரு உமி மெத்தை.

சித்திரை 13

கொதிக்கக் கொதிக்கச் சோறு, மேலே தயிர், மூடினேன். மத்தியானம் திறந்தால் – ஐயோ. நாய்க்கு வைத்தேன். மோந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தது.

மாயக்காள் விடுவாளா? "சூட்டையும் உள்ள வச்சுப் பூட்டினா அது எங்கிட்டுப் போகும்? பெட்டியும் ஒங்கள மாதிரிதான். குடுத்தத வச்சுக்கிரும். தானா ஒண்ணுஞ் செய்யாது."

சித்திரை 15

தயிர்ப் பானையைக் கயிற்றில் கட்டி, விடியும்வரை கிணற்றுத் தண்ணீருக்குள் இறக்கி வைத்தோம். சோற்றை வாழையிலையில் பரப்பி, விசிறி, நன்றாக ஆறின பிறகுதான் தயிர், அப்புறம் பெட்டி. சாயங்காலம் திறந்தோம். நாய் தின்றது. நானும் தின்றேன். நாய்தான் முதலில்.

இன்னும் சில பெட்டி செய்யச் சொல்லியாயிற்று.

சித்திரை 24

நாளைக்கு. தாயே கௌமாரி, என் வாயைக் காப்பாற்று.

சித்திரை 25

ஜெயித்தேன்!

வெயில் மண்டையைப் பிளந்தது. எனக்கோ கை அரிப்பு. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை திறந்து பார்க்கலாமே? கை வைத்ததும் மாயக்காள் பெட்டிமேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். "தெறந்தா வெக்கை உள்ள போயிரும். அங்கிட்டுப் போங்க!"

பந்தி உட்கார்ந்த பிறகுதான் இறங்கினாள். மூடியை எடுத்தேன். கிணற்றடிக் குளிர்ச்சி முகத்தில் அடித்தது. புளிப்பா? மூச்! முதல் இலை மச்சினனுக்கு.

"மாப்ளே, ஊறுகா வேணுமா?"

"பேசாம இன்னுங் கொஞ்சம் போடுங்க மச்சான்."

கடைசிப் பந்தியிலும் அதே குளிர்ச்சி. பெரியவர் ராக்கையா கை கழுவிவிட்டு வந்து, "பந்தல் ஒங்க வீட்டுக்குத்தாம்ப்பா" என்றார். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. நான் சொன்ன பொழுது!

சித்திரை 26

நேற்றுப் பந்தி முடிந்து முல்லையாற்றில் குளித்தேன். வேட்டியில் மண் படக்கூடாது என்று காலிப் பெட்டிக்குள் வைத்திருந்தேன். பெட்டி வண்டியில் இருந்தது. வண்டியை மச்சினன் ஓட்டிக்கொண்டு போய்விட்டான். இருட்டும்வரை தண்ணீருக்குள்ளேயே இருந்தேன். வீட்டில் எடுத்தபோது வேட்டி சில்லென்று இருந்ததாம்.